விஷ்ணு கம்பெனிக்கு வந்த மரப்பெட்டி

தூத்துக்குடி

அன்புள்ள அப்பாவுக்கு,

யோகலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இந்த ஊர் வெயிலிலும் நலமாகவே இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

போனில் கத்திவிட்டேன். அதனால்தான் கடிதம்.

ஆம்பூரில் தம்பி விஷ்ணு வேலை செய்யும் ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மிஷினைத் துறைமுகத்தில் நிறுத்தியது நான்தான். கப்பலில் வரும் சரக்கில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை. மிஷினில் குறையில்லை. அது வந்த மரப்பெட்டியைத் தட்டினேன், மரத்தூள் மாவாகக் கொட்டியது. கிளறினேன், உயிரோடு புழு. சரக்கை எடுக்க வந்த கம்பெனி ஏஜென்டோ, "மெழுகு வெச்சு ஓட்டைய அடச்சிடலாம் மேடம்" என்கிறார். மருந்துப்புகை போட்டு, மறுபடி பார்த்த பிறகுதான் விடுவேன்.

அவரை விடுங்கள். நீங்களுமா, "நாலு கட்டைக்கு இன்னாம்மா இவ்ளோ பேஜாரு? தம்பிக்காக வுட்டுடு" என்பது?

வெளிநாட்டு வெள்ளை ஈ வந்து நம் தென்னை ஓலையெல்லாம் கறுத்தபோது, "எவன்டா இத உள்ள வுட்டான்?" என்று தோப்பில் நின்று கத்தினீர்களே, மறந்துவிட்டதா?

அம்மாவைக் கறிவேப்பிலைப் பொடி அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஹோட்டல் சாப்பாடு இறங்கவில்லை. நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள். இங்கே சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லை.

அடுத்த பெட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். நாளைக்கு வேறொரு அப்பா தன் தோப்பில் நின்று அப்படிக் கத்தினால், அந்தத் திட்டு உங்கள் மகளுக்கு வந்து சேர வேண்டாம்.

யோகா