முன்சீட்டில் இப்போது சரசு

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

போனில்தான் தட்டுகிறேன். தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது எனக்கு வாசித்துக் காட்டுகிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஆளுக்கு இந்தக் காலம் இவ்வளவாவது செய்திருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உங்கள் மனைவி சரசு. ஏன் சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் எப்போதும் அவசரப்படாத மனிதர், பொறுத்துக்கொள்வீர்கள்.

ஐப்பசியில் உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு என் தங்கச்சி வாசல் கேட்டைத் தாண்டவே இல்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொடியில் கிடந்த உங்கள் சட்டையை யாரும் எடுக்கக் கூடாது. உங்கள் டம்ளரை யாராவது நகர்த்தினால், "அவரு வெச்ச எடத்துலயே இருக்கட்டுமுங்க" என்பாள். ஞாயிறுதோறும் வழக்கம்போல அம்மாபேட்டையிலிருந்து பஸ் ஏறி ஆட்டையாம்பட்டிக்கு வந்தேன். இருவரும் காபி குடித்துவிட்டு மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்போம். இப்படியே இவள் கரைந்துபோய்விடுவாளோ என்று நினைத்துக்கொண்டே ஊர் திரும்புவேன்.

நம் சைக்கிள் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதையும் தொடக் கூடாது. லாரி ஓட்டி ஓய்ந்த நீங்கள் திருச்செங்கோட்டுப் பட்டறையில் உட்கார்ந்து, லாரிக்கு பாடி கட்டுகிறவர்களை விட்டு, இரண்டு பழைய சைக்கிளை ஒன்றாகப் பற்றவைத்துக் கொண்டுவந்தபோது ஊரே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? ஹேண்டில்பாரும் பிரேக்கும் உங்களுக்கு. பின்னால் எனக்கு மிதிகட்டையும் மணியும். "மச்சான், அஸ்ஸாம் குஜராத்னு அத்தன ஊரு போனேன், ரோட்டத் தவிர ஒண்ணும் பாக்கலீங்க. இனி மெதுவாப் போயிப் பாக்கலாமுங்க" என்றீர்கள். பார்க்க முடியாத என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னீர்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று ஒருநாளும் உங்களிடம் சொல்லவில்லை.

மெதுவாகத்தான் போனோம். ஏரிக்கரை, இடிந்த மண்டபம், எழுத்து வெட்டிய பாறை, எங்கே நின்றாலும் எனக்கு லாரிக் கணக்கில்தான் வரலாறு சொல்வீர்கள். சங்ககிரிக் கோட்டை வாசலா? "லோடு லாரி கண்ணாடி ஒரசாம உள்ள போயிருமுங்க." நாமக்கல் மலையா? "இத ஏத்தோணும்னா நாமக்கல்லு லாரி மொத்தமும் வந்தாலும் பத்தாதுங்க." எனக்குத் தொட்டுத் தடவித் தெரிந்த பெரிய பொருள் உங்கள் லாரி ஒன்றுதான். அதனால் எல்லாம் சட்டென்று விளங்கிவிடும். உங்களுக்கு அந்தப் பேச்சை விட்டால் வேறு பேச்சுத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு, பொறுக்க முடியாமல் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கி, ஸ்டாண்டு போட்ட வண்டியில் என் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சும்மா மிதித்தேன். சங்கிலி கரகரவென்று கத்தியது. சரசு வந்து நின்றது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கீங்கண்ணா போறீங்க?"

"ஏரிக்கு."

அவள் உள்ளே போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து சங்கிலிக்கு விட்டாள். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய சைக்கிளோடு சரி. அதற்கப்புறம் அவள் ஹேண்டில்பாரைத் தொட்டதே இல்லை. கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை சுவரில் இடித்தோம்.

தெருமுனையில் உங்கள் பெரியம்மா இருந்தார். "ஏஞ் சாமி சரசு, வருசந் திரும்பறதுக்குள்ள இதென்ன கூத்து? ஊரு என்ன பேசும்?"

நம் வண்டியில் ஒருவர் கால் நின்றால் மற்றவர் காலும் நின்றுவிடும் அல்லவா? அவள் கால் நின்றது என் காலில் தெரிந்தது. நான் மிதித்திருந்தால் வண்டி நகர்ந்திருக்கும். ஆனால் அவளாகப் போனதாக ஆகியிருக்காது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

"அவரு வண்டிங்க பெரியம்மா, துருப் புடிக்குது. ஓட்டிட்டு வாரேனுங்க" என்றாள். என் காலுக்குக் கீழே மிதிகட்டை மெல்லச் சுழன்றது.

வெண்ணந்தூர் ஏரி வரைக்கும் அவள் ஒரு பள்ளத்தைக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. பல்லோடு பல் இடித்தது. "பள்ளம் வந்தா சொல்லு சாமி" என்றேன். "எனக்கே உளுந்த பொறவுதானுங்கண்ணா தெரியுது" என்றாள். நீங்கள் எவ்வளவு நல்ல டிரைவர் என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

கரையில் நல்ல காற்று. தண்ணீர் மதகில் தட்டிக்கொண்டிருந்தது. இந்த வருடம் ஏரி நிறைந்திருக்கிறது மாப்பிள்ளை, மாசியிலும் வற்றவில்லை. மதகுக்குப் பக்கத்திலிருக்கும் வீரக்கல்லிடம் அவளைக் கூட்டிப்போனேன். உட்கார்ந்திருக்கும் கிளீனர் உயரம் என்று நீங்கள் சொல்வீர்களே, அதேதான். அதில் செதுக்கியிருப்பவன் யாருக்காகவோ சண்டையிட்டுச் செத்தவன். பெயர் யாருக்கும் தெரியாது.

அவள் கல்லைத் தொட்டபடி, "மஞ்சத் தண்ணி ஊத்தி ஊத்தி நெஞ்சு மட்டும் பழுப்பாப் போச்சு. வாளு கையில பச்சப் பாசி. அவரு சொன்ன மாதிரியேதான் இருக்குது" என்றாள்.

"எப்பச் சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழம ராத்திரி சோறு உங்கறப்ப அத்தனையும் சொல்லுவாருங்க. தண்ணி காலையில வெள்ளி மாதிரி இருந்துச்சும்பாரு, மீன்கொத்தி நீலம்பாரு. கோட்டச் செவுரு வெயில்ல செவந்து கெடந்துச்சும்பாரு. நான் எங்கயுமே போனதில்ல, ஆனா எல்லாந் தெரியுமுங்க."

எனக்கு ஒரு நிறம்கூட நீங்கள் சொன்னதில்லையே! ஏன் என்று அவளிடம் கேட்டேன். "பாவம், நெறத்தச் சொல்லி அவர எதுக்கு ஏங்க வெக்கோணும்னாருங்கண்ணா" என்றாள்.

கோபம் வந்தது, மாப்பிள்ளை. மறைக்க மாட்டேன். நான் எதற்காக ஏங்கப்போகிறேன்? நிறத்தைப் பற்றி ஊரில் எல்லோரும்தான் நாள் முழுக்க என் காதுபடப் பேசுகிறார்கள். பாதி உலகத்தை அவளுக்கு மட்டும் கொடுத்துவிட்டீர்களே என்று இருந்தது. அந்தக் கடுப்பிலேதான் என்னிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். கிளீனர் உயரம், கண்ணாடி உரசாத வாசல், லாரி பத்தாத மலை.

சரசு சிரித்துவிட்டாள். "லாரிக் கணக்கா? எங்கிட்ட இதுல ஒண்ணக்கூடச் சொன்னதில்லீங்களே!" என்று மூச்சு முட்டச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று என் காதுக்கே தெரியவில்லை. சத்தம் போட்டு அழுதாள். நான் தடுக்கவில்லை. கொக்குகள் சடசடவென்று எழுந்து போயின. எனக்கும் கண்ணீர் வந்தது. அந்த வேலையை மட்டும் என் கண் ஒழுங்காகச் செய்கிறது.

முகம் கழுவிய பிறகு, "பின்சீட்டு உனக்கு வந்திருக்கோணும் சாமி. நான் புடிச்சுக்கிட்டேன்" என்றேன்.

"போங்கண்ணா. நானும் வாரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மனுசன் மூணாவது சீட்டு பத்தவெச்சிருப்பாரு. நான்தான் கேக்கல." நீங்களாவது அவளிடம் கேட்டிருக்கலாம் இல்லையா?

வீட்டுக்கு வந்த பிறகுதான், முன்சீட்டு அவளுக்கு உயரம் என்பதே எனக்குத் தெரிந்தது. நுனிக்காலால் எட்டி எட்டி மிதித்து, மிதிகட்டை வழுக்கி, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது என்று மருந்து போடும்போதுதான் சொன்னாள். வழி நெடுக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவளே தெருவோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளூர்ப் பட்டறைக்குப் போய்விட்டாள். சீட்டுக் கம்பி துருவேறி இறுகிக் கிடந்ததாம். அறுத்துத்தான் இறக்க வேண்டும், அறுத்தால் மறுபடி பழைய உயரத்துக்கு ஏற்ற முடியாது என்றாராம் பட்டறைக்காரர். டம்ளரை நகர்த்த விடாதவள், "அறுத்துருங்க" என்றிருக்கிறாள்.

ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "அவருகிட்ட ஒரு வார்த்த கேக்காமப் பண்ணிட்டனுங்கண்ணா. நீங்க எழுதிச் சொல்லிருங்க" என்றாள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வரும் ஞாயிறு அவள் சங்ககிரி போக வேண்டும் என்கிறாள். போகிறோம். என்ன பார்த்தோம் என்று அளவும் நிறமும் ஒன்றுவிடாமல் உங்களுக்குச் சொல்கிறேன், இது சத்தியம். சீட்டு இனி உங்கள் உயரத்துக்கு ஏறாது, மாப்பிள்ளை. சரசுவுக்கு இப்போது கால் நன்றாக எட்டுகிறது.

பின்சீட்டில் மணியடிக்கும்,
உங்கள் மச்சான்