முகம் தெரியாத படத்தில் இருப்பது யார்?

என் அன்புக்கும் என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய மாப்பிள்ளை ஏகாம்பரத்துக்கு,

அங்கே சௌக்கியமா? பேரணாம்பட்டில் நாங்கள் எல்லோரும் நலம். போன திங்கட்கிழமை உனக்கு வருஷத் திதி. நீ தோல் பதனிட்ட டேனரி ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் உனக்குத்தான் கூட்டம். போன பிறகுமா?

ஐந்தாம் வகுப்பையே மூன்று வருஷம் ஆழமாகப் படித்தவன் நான். அதனால் நானே எழுதி, ஊரும் படிக்கட்டும் என்று படிப்பகச் சுவரில் ஒட்டுகிறேன்.

இந்த ஊரில் எந்தக் கிணற்றில் குடம் விழுந்தாலும் யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தான். அப்படியிருக்க, தோல் வாங்க வந்த துரை உன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்? அவருக்கு இலங்கைக்குப் பக்கத்துத் தீவில் பத்து நாள் லீவு. கடலுக்கடியில் மூச்சு விட, முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் இரண்டு வைத்திருந்தார். கூட முங்க ஒரு ஆள் வேண்டும்.

தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று டேனரி மேஸ்திரி மூலம் நம் இருவரையும் கேட்டார். நீ, "ஒரு நிமிஷம் இருப்பேங்க" என்றாய். நான், "அரை மணி நேரம்" என்றேன். துரை சிரித்தார்.

"உனுக்குக் காத்தே தேவையில்லையாம்பா. தேவைப்படறவனைக் கூட்டிக்கினு போறாராம்" என்றார் மேஸ்திரி.

இது நியாயமா, மாப்பிள்ளை?

நானோ அதற்குள், முங்கப் போவது நான்தான் என்று வீட்டில் சொல்லிப் பெட்டியும் கட்டிவிட்டேன். உன்னோடு ரயிலேறி, மதராஸில் இறங்கி, ஒரு தோஸ்த் வீட்டில் பத்து நாள் முடங்கிக் கிடந்தேன். திரும்பும்போது ஸ்டேஷனில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். கறுத்து, உதடு வெடித்து, கண் மட்டும் மின்ன இறங்கினாய்.

"அடியில இன்னா இருந்தது?"

"பூந்தோட்டம் மச்சான். மீனுங்க பயமில்லாம வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போவுது."

எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. அதைப் பார்த்துத்தானே, துரை படகில் வைத்து எடுத்த படத்தை நீட்டினாய்? கண்ணாடி மூடிய முகம், வாயில் குழாய், முதுகில் சிலிண்டர். "மூஞ்சி தெரியல. நீயே வெச்சிக்கோ மச்சான்."

வைத்துக்கொண்டேன். சட்டம் போட்டு மாட்டி, நான் முங்கிய கதையை நாலு வருஷம் சொன்னேன். மேஸ்திரி அடுத்த மாசமே வேலையை விட்டுப் போய்விட்டார். மிச்ச சாட்சி நீதான். சுறா முதலில் ஆறடி இருந்தது. பிறகு இருபதடி ஆனது. நீ பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா ஆமா" என்பாய். வெள்ளிக்கிழமைதோறும் உன் சம்சாரம், என் தங்கை சரோஜா, கதை கேட்க வருவாள். நீ போன பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. அவ்வளவு ருசியான கதை.

திதிக்கு வைக்க உன் படம் ஒன்றுகூட இல்லை. "அவரு சட்டைய வெச்சிக் கும்புடறேண்ணா" என்றாள் சரோஜா. திங்கட்கிழமை காலையில் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். என் வீட்டுக்காரி கண்ணம்மா பின்னாலேயே ஓடிவந்து, வாசலில் அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்தாள்.

"இன்னா மனுஷன்யா நீ? உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலையா? என் தாலிக்கு ஆவாது!"

"அது நான் இல்லடி."

"பின்ன யாரு?"

"ஏகாம்பரம். நான் மதராஸைத் தாண்டவே இல்ல."

சரோஜாதான் வந்து படத்தை வாங்கினாள். இடது முழங்கைக்குக் கீழே விரலை வைத்தாள். தோல் சீவும் கத்தி பட்டு உனக்கு ஏற்பட்ட தழும்பு, அச்சாகத் தெரிந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"எனுக்கு மொத நாளே தெரியும்ணா. அவருதான், அண்ணன் சந்தோஷமா இருக்கட்டும், வுடுன்னாரு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உன் சுறாவைப் பாக்கவா வந்தேன்?"

முகமூடியின் நடுவில் அவளே சந்தனப் பொட்டு வைத்தாள். மாலையை நான் போட்டேன். சிலிண்டர் மறைந்தது, ஒதுக்கிவிட்டேன். ஊரே வரிசையில் நின்று உன்னைப் பார்த்தது. செத்தும் என்னை எரிய வைக்கிறாயே, பாவி! உன்னைப்போல் விட்டுக்கொடுக்க எனக்கு ஏன் வரவில்லை?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்தக் கடல் உன்னுடையது. யார் கேட்டாலும் முங்கியவன் நீதான் என்று சொல்வேன். சுறாவின் நீளத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடு. இருபதடிதான்.

அங்கிருந்தே ஒருதரம் "ஆமா" சொல்லிவிடு.

இப்படிக்கு,
மதராஸ் வரைக்கும் கூட வந்த உன் மச்சான்,
முனுசாமி