சீச் சாப்பாடு

ஹொல்ஸ்டெப்ரோ
14.02.1988

அன்பின் ரஞ்சிக்கு,

நான் சுகம். காளியம்மன் துணையில் நீரும் மகள் சுபாஜினியும் சுகமாயிருக்க வேண்டும். உங்கள் இருவரையும் இங்கே கூப்பிட இந்த நாட்டுக் குடிவரவுக் கந்தோரில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. கேட்டால், சட்டப்படி உரிமை இருக்கிறதாம், காத்திருக்கட்டாம்.

அதற்குமேல் இந்தச் சாப்பாடு. நான் கோப்பை கழுவுகிற குசினியில் கிழமைக்கொரு தரம் கசுலே என்று ஒரு பிரெஞ்சுச் சமையல். வெள்ளைப் போஞ்சி விதை, பன்றித்தோல், தாரா இறைச்சி, சொசேச் எல்லாவற்றையும் கொழுப்பில் அமிழ்த்தி நாள் முழுக்க அவிப்பார்கள். மிளகாய் கிடையாது. மேலே ஆடை கட்டும், அடியில் பன்றித்தோல் மயிரோடு வழுவழுவென்று கிடக்கும். சீ. அதில் புரதமும் இரும்புச்சத்தும் நிறைய என்று சமையல்காரி கிர்ஸ்டன் பாடம் எடுக்கிறாள். எனக்குப் பாண் போதும்.

உம்முடைய
கோணேசன்

திருகோணமலை
20.03.1988

அன்பின் அத்தானுக்கு,

கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அந்தச் 'சீ'யைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சுபாஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் சீச் சாப்பாடு என்று பெயரும் வைத்துவிட்டாள்.

யோசிக்காதீர்கள், இப்போது பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருக்கிறோம். அரிசியில் புழு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறோம். பிள்ளைக்கு இரத்தம் காணாதாம். இறைச்சியும் அவரை விதையும் கொடுக்கச் சொன்னார் டொக்டர். நீங்கள் அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது சாப்பிடுங்கள்.

அன்புடன்
ரஞ்சி

ஹொல்ஸ்டெப்ரோ
02.05.1988

அன்பின் ரஞ்சிக்கு,

நேற்று அந்தக் கசுலேயை ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டேன். பன்றித்தோலையும் விடவில்லை. மிச்சத்தை வழமைபோல வாளியில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாயிருந்தது.

மனுவைப் பற்றிக் கேட்கக் கந்தோருக்குக் கிர்ஸ்டனும் கூட வந்தாள். அவளுக்கும் காத்திருக்கட்டாம் என்ற அதே பதில்தான். வெளியே வந்து அவள் காறித் துப்பினாள். பிள்ளை எப்படி என்று உடனே எழுதும்.

உம்முடைய
கோணேசன்

திருகோணமலை
11.09.1988

அன்பின் அத்தானுக்கு,

பிந்திவிட்டேன், கோபிக்காதீர்கள். சுபாஜினி இப்போது விளையாடப் போவதில்லை. மடியிலேயே கிடக்கிறாள். இனிச் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டாம், மனுவுக்குப் பதில் வந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதமே வேண்டாம்.

இதை எழுதும்போது அவள் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"அப்பாட்டப் போனா அந்தச் சாப்பாடு எனக்கும் தருவினமோ? நான் சீ சொல்லமாட்டன்."

ரஞ்சி