பெரிய வூட்டம்மா ஊற்றிய தண்ணீர்

பிரியமுள்ள குமரேசண்ணா,

மாரடைப்பில் நீங்கள் போன பிறகும் நம் வீதி நாடகம் நிற்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கே இருப்புக் கொள்ளாது உங்களுக்கு.

ஆனால் உங்கள் வேஷத்தைப் போட ஆள் கிடைக்காமல் திண்டாடிப் போனோம். நம் நாடகத்தில் யாருக்கும் பேர் கிடையாது. பெரிய வூட்டுக்காரர், கூலிக்காரி, டீக்கடை, போலீஸ், அவ்வளவுதான். பெரிய வூட்டுக்காரரை மணியிடம் கொடுத்தோம். எங்கள் காலனிப் பையன், நல்ல குரல். பாலக்கோடு தக்காளி மண்டி முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, "ஏய்!" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள், கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. முடிந்ததும் ஒரு வியாபாரி என்னிடம் வந்து, "எங்கூருல இப்பிடி யாருமே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே ரெண்டாவது மாரடைப்பு வந்திருக்கும்.

நீங்கள் அந்த ஆளை நல்லவனாகத்தானே நடிப்பீர்கள்? "கெட்டவனக் காட்டுனா ஊரு அவனத் திட்டிட்டு வூட்டுக்குப் போயிடும் செல்வி. நல்லவனக் காட்டு, அப்பதான் தன்னையப் பாக்கும்" என்பீர்கள். மணிக்கு அது வரவில்லை. பாவம், அப்படிப்பட்ட நல்லவர்கள் வீட்டுக்குள் அவன் போனதே இல்லையே.

அப்புறம் ஒருநாள் ஒத்திகைக்கு அண்ணி வந்து நின்றார். நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன அதே அண்ணிதான். "அவரு செஞ்சத நான் செய்யட்டுங்களா?" என்றார். பெரிய வூட்டுக்காரர் பெரிய வூட்டம்மா ஆனார்.

உங்கள் ஊரிலேயே, அதியமான்கோட்டை பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆடினோம். உங்கள் பங்காளிகள் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் கூலிக்காரி. அண்ணி சொம்போடு வந்தார். "வெயில்ல எவ்ளோ நேரமா நிக்கற கண்ணு? புள்ளைங்க நல்லாருக்குதா?" குரலில் அத்தனை பாசம். நான் குனிந்து இரண்டு கையையும் குவித்தேன். சொம்பு என் மேல் பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேஷம் கலைக்கும்போது, "எங்க அண்ணி கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்கிட்டதா? உங்கம்மா எங்க தக்காளித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தப்ப அப்பிடித்தான ஊத்துவேன். குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். என்னைய நல்லவளுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் செல்வி" என்று சொல்லி அழுதார்.

எனக்குக் கோபம் வந்தது. அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. எது முதலில் வந்ததென்று தெரியவில்லை. அந்த நல்லவனை நீங்கள் உங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான் எடுத்தீர்களா அண்ணா? தெரிந்தேதான் அண்ணியை நாடகம் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்களா?

"அடுத்த ஆட்டத்துல நீ ஊத்து, நான் கையேந்தறேன்" என்றார் அண்ணி. வேண்டாமென்றுவிட்டேன். அது அவருடைய மனசு ஆறத்தான் உதவும், ஊருக்கு உதவாது. "நீங்களே ஊத்துங்கண்ணி, பாக்கட்டும்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மா தங்கமான மனுசி" என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருபவள் என் அம்மா. அன்றைக்கும் அதைத்தான் சொல்வாள் என்று பார்த்தேன். உள்ளங்கைகளைக் குவித்துப் பார்த்தாள்.

"தங்கமான மனுசிதான். ஆனா ஒருநாளும் எனக்குத் தாகம் அடங்குனதில்ல. கையில எவ்வளவு தண்ணி நிக்கும்?"

அடுத்து மறுபடியும் பாலக்கோட்டில் ஆடுகிறோம். அம்மா சொன்னதைக் கூலிக்காரியின் வசனமாகச் சேர்த்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்து இல்லை அண்ணா, அண்ணியின் முகத்தைப் பார்த்தே அதைச் சொல்வேன். அவரும் முகத்தைத் திருப்பாமல் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். இது உங்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி