பலகைக்கு அடியில் புல்

நவம்பர் 3, திங்கள்
புல்லைப் பற்றி எழுதத் தனியாக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும் — யாரிடம் கேட்கிறேன் என்றுதான் தெரியவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. கூட்டம் நிற்பதற்காக நாளையிலிருந்து புல் முழுக்கப் பலகை. இந்த வெயிலில் ஐந்து நாள் மூடிக் கிடந்தால் அவிந்துவிடும். டிசம்பர் 28-இல் கால்பந்து லீக் ஆட்கள் ஆடுகளத்தைச் சோதிக்க வருகிறார்கள். தேறாவிட்டால் எங்கள் அணியின் ஆட்டங்கள் எல்லாம் சுரபாயாவுக்குப் போய்விடும்.

"பகலில் பலகையைத் தூக்கி வையுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதி மேலாளர் பாக் சுகெங்கிடம் கொடுத்தேன். அதன் மேல் காபி கிளாஸை வைத்தார்.

என்னோடு களை பிடுங்கும் யூ தார்மி சிரித்தாள். "நாலு வருஷம் படிச்சுட்டுப் புல்லுக்கு வந்திருக்கியேடி. எங்க ஆடு படிக்காமலே வருது."

நானும் சிரித்தேன்.

நவம்பர் 5
கச்சேரிக்கு மழை வராமல் தடுக்க, மந்திரம் போட்டு மழையைக் கட்டும் பாக் கஸ்னோவை அழைத்திருந்தார்கள். மிளகாயும் வெங்காயமும் குத்திய துடைப்பக் குச்சிகளை நான்கு மூலையிலும் நட்டார். "கச்சேரி முடியிற வரைக்கும் பொறுப்பாளர் குளிக்கக் கூடாது."

"சரிங்க, பாக். முகம் மட்டும் கழுவிக்கலாமா?" என்று கேட்டார் பாக் சுகெங்.

நவம்பர் 6
ஒரு பலகையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெந்த கீரை வாசனை.

நவம்பர் 8
ஒரு சொட்டு மழை இல்லை. பாக் கஸ்னோவின் கையை எல்லோரும் குலுக்கினார்கள்.

நவம்பர் 10
பலகையை எடுத்துவிட்டார்கள். கட்டம் கட்டமாக வைக்கோல் நிறம். தண்டைக் கீறிப் பார்த்தேன் — உள்ளே இன்னும் பச்சை இருக்கிறது! நாற்பது நாள் யாரும் மிதிக்காமல் விட்டால் எழுந்துவிடும்.

சொல்லப் போனேன். "பச்சைச் சாயம் அடிச்சுடலாம், ம்பாக். டிவியில நல்லாத்தான் தெரியும்" என்றார் பாக் சுகெங். 'ம்பாக்', அக்கா என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்?

நவம்பர் 14, வெள்ளி
காலையில் அரசு ஊழியர்களின் உடற்பயிற்சி. முந்நூறு ஜோடி ஷூ, அந்த மஞ்சள் மேலேயே குதித்தது. இன்று வாயைத் திறந்துவிட்டேன். "ஒரு மாசம் மட்டும் வெளியில வாசல் பக்கம் வச்சுக்கலாமா, பாக்?"

"மாவட்டத் தலைவர் எங்க குதிக்கணும்னு நீ சொல்றியா?" என்றார் பாக் சுகெங்.

எல்லோரும் சிரித்தார்கள், யூ தார்மியைத் தவிர. ஆட்ட நாட்களில் வாசலில் சோற்றுப் பொட்டலம் விற்பவள் அவள். "ஆட்டம் சுரபாயாவுக்குப் போயிட்டா நான் யாருக்குடி சோறு விப்பேன்?" என்றாள். குனிந்து ஒரு களையைப் பிடுங்கினேன். இதைத் தவிர எனக்கு என்னதான் முடிகிறது?

நவம்பர் 15
பாக் கஸ்னோவின் வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் கச்சேரியா, ம்பாக்?"

இல்லை என்றேன். தேநீர் வந்தது. அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், வண்டி எத்தனை வருடப் பழையது என்று கேட்டேன். கிளாஸ் காலியானது. அவர் துணியைப் பிழிந்துவிட்டு என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"நான் சொன்னா அங்க யாரும் கேக்க மாட்டாங்க. நாப்பது நாளைக்கு அந்தப் புல்லுல யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு... நீங்க வந்து சொல்றீங்களா, பாக்?"