சோற்றுக்கு முன் திறந்த பரோலோ

3 யூன் 1975, செவ்வாய்

மழை. காலை நகரசபைக் கூட்டம். இரண்டு பத்திக்குமேல் அதில் எதுவும் இல்லை.

பின்னேரம் ஆசிரியர் கூப்பிட்டார். உணவுப் பக்கம் எழுதுபவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில். ஒரு மாதம் நான் பார்க்க வேண்டுமாம். "கதிர், கொலை வழக்கு எழுதியவனுக்கு வைன் எழுத வராதா?" என்றார். வரும். கொழும்பிலும் மெல்பேர்ணிலும் இவ்வளவு காலம் எழுதியதில், தெரிந்ததைப் பற்றி எழுதியது குறைவு. விசாரித்து எழுதியதுதான் அதிகம்.

முதல் வேலை ஏற்கனவே மேசையில் கிடக்கிறது. பத்திரிகையின் சுவைக்குழு ஓர் இத்தாலியச் சிவப்பு வைனைச் சோதித்திருக்கிறது. பெயர் பரோலோ, 1964ஆம் வருட அறுவடை. குழுத் தலைவர் ஹார்டிங்கின் தீர்ப்பு: "செங்கல் நிறம். வாயில் மரக்கட்டை. செத்துப்போன வைன்." இதைச் சுவைபட விரித்து வியாழன் 12இல் கொடுக்க வேண்டும்.

செத்தது என்று எழுதுவதற்கு முன் பிரேதத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

5 யூன், வியாழன்

வைனை இறக்குமதி செய்தவரை மெல்பேர்ண் கார்ல்டனில் கண்டேன். எட்டோரே. வட இத்தாலிக்காரர், ஐம்பது வயதிருக்கும். சின்னக் கடை, பின்னால் குளிரான அறை, அதில் படுத்துக் கிடக்கும் போத்தல்கள். நகரத்து ஹொட்டேல் ஒன்று அவருடைய பரோலோவைச் சோதனைக்கு எடுத்திருக்கிறது. எங்கள் பத்திரிகை செத்தது என்று சொன்னால் பெட்டிகள் திரும்பி வரும். வந்தால் கடையை மூடிவிட்டு, மைத்துனனோடு குளியலறைகளுக்கு ஓடு பதிக்கப் போவார். இதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னார்.

"நீ என்ன வேண்டுமானாலும் எழுது. ஆனால் குடித்துவிட்டு எழுது," என்றார்.

இரண்டு போத்தல் எடுத்தேன். காசு வேண்டாம் என்றார். அது சரிவராது என்று காசை வைத்துவிட்டு வந்தேன்.

7 யூன், சனி

மகேந்திரராஜா வந்தான். பல் வைத்தியன், விஸ்கி பக்தன், என் பள்ளித் தோழன். பரோலோவை உடைத்தோம். என் மனைவி விமலா பொரித்த கச்சான் கடலையும் மிளகாய்த்தூள் போட்ட முறுக்கும் கொண்டு வந்து வைத்தாள்.

முதல் வாயில் நாக்கு சுருண்டது. பல்லைச் சுற்றிய முரசெல்லாம் இறுகிப் போயிற்று. மணம் என்று எதுவும் இல்லை, மூடிய அலுமாரி மாதிரி.

மகேந்திரராஜா கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தான். "மச்சான், இது வைனோ, பாக்கு அவிச்ச தண்ணியோ?"

"பன்ரண்டாயிரம் மைல் வந்திருக்குதடா."

"திரும்பிப் போகட்டும். விஸ்கி இருக்கோ?"

இருந்தது. ஒன்பது மணிக்குச் சோறு வந்தது. கிளாஸ்களை ஒதுக்கிவிட்டுக் கை கழுவினோம். எங்கள் ஆட்களின் சட்டம் அதுதான்: குடி முதல், சோறு பிறகு, சோற்றில் கை வைத்தால் கிளாஸைத் தொடுவதில்லை.

ஹார்டிங் சொன்னது சரி. பாவம் எட்டோரே.

8 யூன், ஞாயிறு

சரியில்லை.

இன்று மத்தியானம் விமலா பிள்ளைகளுக்காக ஆட்டுத்தொடையை உப்பும் மிளகும் போட்டு அவணில் வாட்டியிருந்தாள். நேற்றைய போத்தலில் பாதி, தக்கை செருகிக் குசினியில் நின்றது. ஊற்றி எறியப் போனவன், எறிய முன் மணந்து பார்த்தேன்.

காய்ந்த ரோசா இதழ். அதற்குக் கீழே தார், எங்கள் சிட்னி ரோட்டில் புதிதாய்ப் போடும்போது வருகிற அதே தார். இரண்டும் எப்படி ஒரே போத்தலில்?

கொழுப்போடு ஒரு துண்டு இறைச்சி, பிறகு ஒரு வாய். நேற்று முரசை இறுக்கிய கயர்ப்பு கொழுப்பைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அது போன இடத்தில் புளிப்பான செர்ரிப் பழம் மாதிரி ஒரு சுவை, நெடுநேரம். அடுத்த துண்டுக்கு வாய் தானாகக் கேட்டது.

நேற்றைக்கு நான் எழுதியிருந்தால்?

9 யூன், திங்கள்

மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை. நாள் முழுக்க இதே யோசனை. சனிக்கும் ஞாயிறுக்கும் இடையில் மாறியது ஒன்றல்ல, இரண்டு. போத்தல் ஓர் இரவு காற்றுப் பட்டு நின்றது. கூடவே நான் இறைச்சி சாப்பிட்டேன். எது காரணம்?

விமலாவிடம் சொன்னேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டே, "வெறும் வயித்திலை சாயம் கூடின பிளேன்ரீயைக் குடிச்சுப்போட்டு, தேயிலை சரியில்லை எண்டு ஆரும் சொல்லுவினமே? சாப்பாட்டோட குடிக்கிறதை நீங்கள் ரெண்டு பேரும் சாராயம் மாதிரிக் குடிச்சியள்."

"அப்ப மணம்?"

"அது எனக்கென்ன தெரியும். நீங்கள்தானே ரிப்போட்டர்."

10 யூன், செவ்வாய்

செய்து பார்த்தேன். எட்டோரேயிடம் இன்னொரு 64உம், ஒப்பிட ஒரு 1970உம் வாங்கினேன். ஒரு 64ஐக் காலையிலேயே திறந்து கண்ணாடிச் சாடியில் ஊற்றி வைத்தேன். மற்றதைச் சாப்பாட்டு நேரத்தில். இரண்டையும் வெறும் வாயிலும், இறைச்சியோடும்.

காலையில் திறந்தது மணந்தது. இப்போது திறந்தது மணக்கவில்லை. மணம் காற்றின் வேலை. வெறும் வாயில் இரண்டும் இறுக்கின. இறைச்சியோடு இரண்டும் இளகின. கயர்ப்பு சாப்பாட்டின் வேலை. விமலா பாதிக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஹார்டிங் சொன்ன செங்கல் நிறத்துக்கு 1970 பதில் சொன்னது. ஐந்து வயது வைன். இரத்தச் சிவப்பாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். வெளிறல்! கிளாஸுக்குப் பின்னால் பிடித்த கடதாசியில் எழுத்து வாசிக்க முடிந்தது. விளிம்பில் இப்போதே மெல்லிய செம்மண் நிறம். இந்தத் திராட்சைக்கு நிறம் பிறப்பிலேயே குறைவு. அப்படியானால் செங்கல் நிறம் சாவின் அடையாளம் இல்லை. கயர்ப்போ 64ஐவிட இதில் இரண்டு மடங்கு முரடு. அந்த முரடுதான் 64ஐ இவ்வளவு காலம் தாங்கி வந்திருக்கிறது. தாங்கித் தாங்கித் தானும் தேய்ந்திருக்கிறது.

ஒரு வைனின் வயது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

11 யூன், புதன்

ஹார்டிங்குக்கு ரெலிபோன். எத்தனை மணிக்குச் சுவைத்தீர்கள்? காலை பத்து. எப்போது திறந்தது? அப்போதே. கூட என்ன? உப்பில்லாத வெறும் பிஸ்கற். இதே திராட்சையில் வேறு வைன் பக்கத்தில் இருந்ததா? "இல்லை," என்றார்.

"நல்ல வைன் தனியாக நிற்க வேண்டும், கதிர்."

"ஹொட்டேலில் அதை ஒருவரும் தனியாகக் குடிக்கப் போவதில்லையே."

நாளை மத்தியானம் ஹொட்டேலுக்கு வரச் சம்மதித்தார். காலையிலேயே போத்தலைத் திறந்து வைக்க ஹொட்டேல்காரரிடம் சொல்லிவிட்டேன்.

12 யூன், வியாழன்

ஹார்டிங் மாட்டிறைச்சி எடுத்தார். முதல் கிளாஸை முகம் சுழித்துக் குடித்தார், இரண்டாவதைச் சுழிக்காமல். மூன்றாவதை அவரே ஊற்றினார். மனிதர் நேர்மையானவர், பேனாவை எடுக்கச் சொன்னார்.

"எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது சாகவில்லை. இரண்டையும் போடு."

இரண்டையும் போட்டேன். எப்போது திறப்பது, எதோடு சாப்பிடுவது என்பதையும் போட்டேன். ஆசிரியர் ஒரு சொல்லும் வெட்டவில்லை.

27 யூன், வெள்ளி

ஹொட்டேல் பெட்டிகளைத் திருப்பவில்லை. எட்டோரே நன்றி சொல்லவில்லை. அவருக்காக நான் எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியும். 1970இல் இன்னொரு போத்தல் கேட்டேன். "1985க்கு முன் திறந்தால் என் கடைக்கு வராதே," என்றார். கடை இருக்கும் என்று நினைத்துத்தானே சொல்கிறார்.

இன்று வீட்டில் மரக்கறி. போத்தல் மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கிறது.

17 ஓகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் மகேந்திரராஜா வந்தான். கையில் கடதாசியில் சுற்றிய 64. எங்கே வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. தானே திறந்து, தானே சாடியில் ஊற்றி, மேசை நடுவில் வைத்தான். விமலா வழக்கம்போல முறுக்குத் தட்டைக் கொண்டு வந்தாள்.

"அதை எடுங்கோ அக்கா," என்று கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தான். "முதல்ல சோத்தைப் போடுங்கோ."