ரீட்டாவோடு முதலில் படித்த பேய்க்கதை

அன்பான மதினிக்கு,

உங்கள் முதலாம் வருட நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. அண்ணன் அழவில்லை. நானும் கோயிலில் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் தங்கை ரீட்டா வாயைத் திறந்தாள், அதற்குப் பிறகுதான் என் நிம்மதி கெட்டது.

மடுல்கெல்லையிலிருந்து காலையிலேயே வந்திருந்தாள், பாவம். அலுமாரிக்கு மேலே இருந்த நம்முடைய பேய் நாவலைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இந்தப் பொஸ்தகமா! அக்கா கல்யாணத்துக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து படிச்சோமே. பயத்துல நான் சோறே திங்கல" என்றாள். அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன். மறக்கவில்லை மதினி, போடவில்லை.

நம்முடைய நாவல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே! நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிதில், குண்டசாலையிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில், உங்கள் மடியில் பாதியும் என் மடியில் பாதியுமாக விரித்து வைத்துப் படித்தோம். "நானும் இன்னும் படிக்கல புள்ள, வா சேந்து படிப்போம்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் மெதுவாகப் படிக்கிறவள். நான் தலையாட்டினால்தான் பக்கத்தைத் திருப்புவீர்கள். கூடப்பிறந்த அக்கா இல்லாத குறை அந்த சீட்டில்தான் எனக்குத் தீர்ந்தது. கண்டக்டர்கூட நம்மை அக்கா தங்கச்சி என்றே நினைத்திருந்தார்.

ரீட்டா போனதும் அதை எடுத்து மறுபடி படித்தேன். பேய்க்கு நான் பயப்படவில்லை. இந்த வயதில் பூட்டிய அறைக்குள் யார் நடந்தால் எனக்கென்ன? ஆனால் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. அந்த அறையின் கைப்பிடி உள்ளேயிருந்து திரும்புகிற இடம். அது பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் வருகிறது. முந்தின பக்கத்தில் அந்தப் பெண் திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நீங்களோ அன்றைக்கு பஸ்ஸில் அந்தப் பக்கத்திலேயே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு புள்ள" என்றீர்கள். திரைச்சீலைக்கு யாராவது பயப்படுவார்களா?

தெரிந்துதான் பிடித்திருக்கிறீர்கள். எனக்காக முன்கூட்டியே பயந்து காட்டியிருக்கிறீர்கள்.

பொறுக்க முடியாமல் ரீட்டாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சிரித்தாள். "அந்த எடத்துலயா? அக்கா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. நான்தான் அக்கா கையப் புடிச்சிக்கிட்டேன்." எனக்கு வயிறு எரிந்தது.

அண்ணனிடம் சொன்னேன். "ஒனக்காக அதே கதைய ரெண்டாவது தடவையும் படிச்சிருக்கா. அது பத்தாதா புள்ள?" என்றார்.

பத்தாது. என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கடைசி வாரம் கிடந்தபோதும், "ஒண்ணும் இல்ல புள்ள, வீட்டுக்கு வந்துருவேன்" என்று என்னைத்தானே தேற்றினீர்கள். அந்த வாரம் ஒரு நாள் என்னை வெளியே அனுப்பிவிட்டு ரீட்டாவோடு கொஞ்ச நேரம் பேசினீர்களே, அவளிடம் என்ன சொன்னீர்கள்? பயமாக இருக்கிறது என்று சொல்லி அழுதீர்களா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை நிஜமாகப் பயந்திருக்கக் கூடாதா மதினி?

டவுனில் பழைய புத்தகக் கடையில் வேறொரு பேய் நாவல் வாங்கி வைத்திருக்கிறேன். ரீட்டா அதைப் படித்ததில்லை, கேட்டுவிட்டேன். நானும் அட்டையைத் தாண்டவில்லை. வருகிறபோது அதைத் திறக்காமலே கொண்டு வருவேன், இது சத்தியம். அதுவரைக்கும் அங்கே யாரோடும் சேர்ந்து எதையும் படிக்காதீர்கள். ரீட்டாவைவிட நான் மூத்தவள். எப்படியும் அவளுக்கு முன்னால் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
(ரீட்டா இல்லை)